நேர்ல வந்து பேசிக்கிறேன்

“நேர்ல வந்து பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். செங்கமலம் கைப்பேசியைக் காதிலிருந்து உடனே எடுக்கவில்லை. மன்னார்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்று வந்தவள் அவள். ஒருவர் வைத்துவிட்ட பிறகும் அவருடைய குரல் கொஞ்ச நேரம் காதுக்குள் உட்கார்ந்திருக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது விளங்கும். வேலை கொடுத்த பழக்கம் அது. இன்று ஒன்றும் விளங்கவில்லை. கோபமாக இருந்தால் கடைசி எழுத்து மேலே ஏறி நின்றிருக்கும். இவளுடைய ‘றேன்’ கீழே இறங்கிக் கரைந்துபோயிற்று. அழுகையாக இருந்தால் முதல் எழுத்தை விழுங்கியிருப்பாள். இவள் ‘நே’யைத் தெளிவாகத்தான் சொன்னாள். சண்டைக்கு வருகிறவர்கள் வழக்கத்தைவிட மரியாதையைக் கூட்டிப் பேசுவார்கள், வார்த்தைக்கு வார்த்தை அம்மா போடுவார்கள், அதுவும் இல்லை. ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேத்து சாயங்காலம் மயில்கழுத்துப் புடவைக்கு பிளவுஸ் பிட் வாங்கினேனே, கூத்தாநல்லூர்லேருந்து வந்திருந்தேனே, இன்னைக்குக் கடை உண்டா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே கணவர் வைத்தியலிங்கம் நூல்கண்டுப் பெட்டியைக் கீழே போட்டார். கண்டுகள் நாலா பக்கமும் உருண்டன. “லைன்லயே இருங்கம்மா, இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு செங்கமலம் போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். வந்து ஹலோ என்றால் பதில் இல்லை. ஆள் போய்விட்ட மௌனம் இல்லை, ஆள் இருக்கிற மௌனம். இரண்டையும் அவள் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவாள். இருக்கீங்களா, இருக்கீங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, இருக்கேன் என்றாள் அந்தப் பெண். பிறகு அந்த ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

கலர் சேரவில்லை. வேறு என்ன இருக்க முடியும். செங்கமலம் மேசைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், அடுக்கிலிருந்து அந்தத் துணித் தானை உருவி மேசைமேல் போட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது பச்சையாக இருந்தது. நேற்றும் பச்சைதான். அந்தப் பெண் கொண்டுவந்த பட்டுப்புடவையும் இதே மேசையில் இதே டியூப்லைட்டுக்குக் கீழே பச்சையாகத்தான் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்து இரண்டு பேரும் தலையாட்டி, செங்கமலம் கத்தரியைப் போட்டு வெட்டியும் கொடுத்துவிட்டாள். இன்று காலை கடைக்கு வரும் வழியில், தெப்பக்குளத்து ஓரமாக ஒரு பெண் மயில்கழுத்துப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வெயில் சாய்வாக விழுந்திருந்தது. நேராக நடந்தபோது பச்சை. தெருமுனையில் திரும்பினாள், நீலம். செங்கமலம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அசைந்தால் மாறும், அதனால்தானே அதற்கு மயில்கழுத்து என்று பெயர், கழுத்தைத் திருப்பாத மயிலை யார் பார்த்திருக்கிறார்கள். இத்தனை வயதில், அதுவும் கடை போட்டு உட்கார்ந்த பிறகு, நடுத்தெருவில் நின்றா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்று நேற்று பிட் வாங்கினவள் சொன்னாள். மகள் அந்தப் புடவையில் பந்தல் வாசலில் வந்து நிற்பாள், வெயில் படும், புடவை நீலமாகிவிடும், பிளவுஸ் மட்டும் பச்சையாகவே நிற்கும், வீடியோக்காரர் இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க என்பார். எங்கே வாங்கினீங்க என்று நாத்தனார்கள் கேட்பார்கள். மன்னார்குடி பந்தலடியில புதுசா ஒரு கடை, வானவில் மேட்சிங் சென்டர்னு. செங்கமலம் தானைச் சுருட்டினாள். சுருட்டியது கோணலாக வந்தது. பிரித்து மறுபடி சுருட்டினாள்.

எக்ஸ்சேஞ்சில் தப்பு நடந்தால் சொருகிய ஒயரை உருவிவிடலாம். ஸாரி, ராங் நம்பர், இதோ மாத்திப் போடறேன், அவ்வளவுதான், போர்டில் சின்ன விளக்கு அணைந்துவிடும், திட்டிக்கொண்டிருக்கிறவர் பாதி வார்த்தையில் காணாமல் போய்விடுவார். தலையில் ஹெட்செட், எதிரே சாம்பல் நிறப் போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், கையில் சொருகுகிற ஒயர்கள், கார்டு என்பார்கள். தஞ்சாவூர், தஞ்சாவூர், மன்னார்குடி பேசறேன், மெட்ராஸ் குடுங்க. அர்ஜென்ட்டா, ஆர்டினரியா. சாவுச் செய்தி போயிற்று, பிள்ளை பிறந்த செய்தி போயிற்று, நெல் விலை போயிற்று, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்டாட்டியைக் கூப்பிடும் புருஷனின் தொண்டைக் கனைப்பு போயிற்று, எல்லாம் அவள் காது வழியாகத்தான். இணைப்புக் கிடைத்ததும் பேசுங்க என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மழையில் லைன் இரையும்போது இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் கேட்காது, அப்போது அவளே நடுவில் நின்று எடுத்துச் சொல்வாள். நாளைக்குக் காலைல வர்றாராம். பணம் வந்துடுச்சாம். உங்களை நெனச்சுக்கிட்டே இருக்காராம், இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் உப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் சொல்லப் பழகிக்கொண்டாள். பிறகு கார்டு போயிற்று, போர்டு போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது, புகாருக்கும் விசாரணைக்கும் பதில் சொல்லும் வேலை வந்தது, கடைசியில் கூப்பிடுகிறவர்களே குறைந்துபோனார்கள். எந்தக் காலத்திலும் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. திருச்சி எக்ஸ்சேஞ்சில் லீலாவதி என்று ஒருத்தி, வருஷக்கணக்காகப் போர்டில் பேச்சு, ராத்திரி ஷிஃப்டில் சாம்பாருக்கு என்ன காய் போட்டாய் என்பது வரைக்கும் பேச்சு. ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாதிச் சாப்பாடு முடிந்த பிறகும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. “கொஞ்சம் ரசம் போடுங்க” என்று பக்கத்து இலை சொன்னது. செங்கமலத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. லீலாவதி ஒல்லியாக, உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள். இத்தனை நாள் மனதுக்குள் குண்டாக, குள்ளமாக, மூக்குத்தி போட்டுக்கொண்டு இருந்த லீலாவதியை என்ன செய்வது என்று அன்றைக்கு முழுவதும் செங்கமலத்துக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ ஒருத்தி செத்துப்போன மாதிரியும் இருந்தது.

இங்கே ஆள் நேரே வந்து நிற்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் துணி. குரல் சரி என்று சொல்லும், புருவம் இல்லை என்று சொல்லும், எதை எடுத்துக்கொள்வது. கடை திறந்த புதிதில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் முகங்களாக வரும். இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆமாம், ஆசைப்பட்டுத்தான் வந்தாள். ஆபீஸுக்குப் போகிற வழியில்தான் இந்தக் கடை, அப்போது வேறொருவர் வைத்திருந்தார். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அவர் கதவைத் திறந்து கொண்டிருப்பார், உள்ளே கத்தரிப்பூ, வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அடுக்கு அடுக்காகச் சுவர் முழுக்க நிறம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சாம்பல் போர்டுக்கு எதிரே உட்காருவாள். மத்தியானம் வரைக்கும் அந்த வாடாமல்லி கண்ணுக்குள் இருக்கும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு காதில் ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம், குக்கர் சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. கடைக்காரர் மகனோடு போய் இருக்கப்போகிறார், கடையைக் கைமாற்றிவிடப் போகிறார் என்று காதில் விழுந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோயம்புத்தூரில் இருக்கிற மகன் இளம்பரிதி, உனக்குத் துணியைப் பத்தி என்னம்மா தெரியும், இவ்வளவு நாள் உழைச்சது போதாதா, எங்ககூட வந்து நிம்மதியா இரு என்றான். அவன் குரலில் அக்கறை இருந்தது, அக்கறைக்குப் பின்னால் ஒரு சிரிப்பும் இருந்தது, அவனுக்கே தெரியாத சிரிப்பு, அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் உறுதியே வந்தது. கடைக்குப் பெயர் வைத்தது மட்டும் அவன். கூப்பிட்டதற்குப் போகவில்லை, அந்த ஒன்றையாவது அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இப்போது அந்தப் பெண் வந்து கத்தினால், பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தால், அது எப்படியும் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லமாட்டான். சொல்லாமல் இருப்பான். அதைத்தான் தாங்க முடியாது.

ஃபால்ஸ் இருக்கா என்று யாரோ வாசலில் கேட்டார்கள். செங்கமலம் திரும்புவதற்குள் வைத்தியலிங்கம் உள்ளிருந்து உரத்த குரலில், பால் பக்கத்துக் கடையில இருக்கும்மா, இங்க துணிதான் என்றார். கேட்டவள் ஒரு கல்லூரிப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு செங்கமலத்தைப் பார்த்தாள். செங்கமலம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி வாயை அகலமாக அசைத்தாள். ஓ, ஃபால்ஸா, என்று அவர் புடவை ஓரத்துக்குத் தைக்கிற அந்தப் பட்டையை எடுத்துப் போட்டு, பெண்ணின் கையில் இருந்த புடவையை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறொன்றை எடுத்து மாற்றிப் போட்டார். வாழ்நாளெல்லாம் ரைஸ் மில்லில் ஃபிட்டர். மெஷின் ஓட ஓட அவருடைய காது மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. காதுக்கருவி சட்டைப் பையில் இருக்கிறது, பையில்தான் இருக்கும், மாட்டினா ஊரே என் காதுல வந்து சண்டை போடுது என்பார். ஊர்ப்பேச்சை எல்லாம் காதில் சுமந்துகொண்டு ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்கு இப்படி ஒரு மனிதர். முதலில் அது பெரிய குறையாகப் பட்டது, எதையும் மெல்லச் சொல்ல முடியாது, ரகசியம் என்று ஒன்று கிடையாது, கொஞ்சினால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். பிறகு ஒருநாள் புரிந்தது. அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அவள் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். கடை வைக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தார், இன்னொரு தரம் சொல்லு என்றார், சொன்னாள், மரப்பலகை விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டார். இந்த அடுக்கெல்லாம் அவர் கையால் அடித்தது. எந்த ஆணியும் துணியை இழுக்கக் கூடாது என்று பலகை ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, தன் கன்னத்தை வைத்து இழைத்துப் பார்த்தார். அதை அவள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. காலையில் வந்த போனைப் பற்றி அவரிடம் சொல்லலாமா. சொன்னால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும், கலர் தப்பாப் போச்சுங்க என்று இந்தத் தெருவே கேட்கும்படி. சொல்லாமல், சுருட்டிய தானை எடுத்து அடுக்கில் வைத்தாள்.

வெயில் வாசல்படி ஏறி உள்ளே வந்தது. ஒருத்தி ஊக்கு வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தி பள்ளிக்கூட யூனிபார்ம் பாவாடைக்கு லைனிங் கேட்டுவிட்டு, அப்புறம் வர்றேன் என்றாள். அந்த அப்புறம் வராது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது, செங்கமலத்துக்கு அதில் வருத்தமில்லை, இன்று மனம் வேறொரு குரலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தது. நேர்ல வந்து. நேர்ல வந்து. போனில் முடியாததா அது. கலர் சேரல, மாத்திக் குடுங்க என்று போனிலேயே சொல்லியிருக்கலாமே, அதில் என்ன இருக்கிறது, நேரில்தான் பேச வேண்டும் என்றால் கூட ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாளோ. வந்தால் முதலில் என்ன சொல்வது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று புகார் பிரிவில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் ஒன்று இருக்கிறது, அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாது, அது ஒயருக்காகச் செய்த வாக்கியம். தான் முந்திக்கொள்ள வேண்டும். ஆமாம், முந்திக்கொள்வதுதான் சரி, அவள் வாய் திறப்பதற்கு முன்னால் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டால் பாதி கோபம் போய்விடும். அந்த மௌனம் கோபமில்லையே என்று இன்னொரு பக்கம் காது சொல்லிக்கொண்டே இருந்தது. காதை அவள் நம்பவில்லை. துணிக் கடையில் காதுக்கு என்ன வேலை.

கறுப்பு அங்கி அணிந்து, நேற்றுக் கொடுத்த அதே பையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் படியேறினாள். தனியாகத்தான் வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள், நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. செங்கமலம் ஸ்டூலிலிருந்து எழுந்து, வாங்கம்மா உக்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள். மயில்கழுத்து வெயிலில் வேறு மாதிரி தெரியும் என்பதை நேற்று தான் யோசிக்கவில்லை, டியூப்லைட்டை நம்பி வெட்டிவிட்டேன், வெட்டின துணியாக இருந்தாலும் பரவாயில்லை, வேறு கொடுக்கிறேன், தப்பு என்மேல்தான் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் திறந்து பிட்டை எடுத்தாள்; அது நேற்று மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. புடவையும் பையில்தான் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆமாக்கா, சேரலதான்” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இன்னும் பிரிச்சே பாக்கலையே என்றாள். லைனிங் வாங்க மறந்துவிட்டது, அதற்காகத்தான் கடை உண்டா என்று கேட்டிருக்கிறாள். செங்கமலம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்படியானால் போனில் அந்த மௌனம் எதற்கு. அதற்குள் வாசலில் துணி விரிவதைப் பார்த்த வைத்தியலிங்கம், யாரும் சொல்லாமலே நீலமும் பச்சையுமாக நாலைந்து தான்களைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார். ஒவ்வொன்றாகப் புடவை ஓரத்தில் வைத்து, இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க என்று புடவைக்குச் சொல்லுகிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒன்றை வைத்தார். புடவை எந்தப் பக்கம் அசைந்தாலும் அது கூடவே வந்தது. இதுதான் என்றாள் அந்தப் பெண். அவர் அதை எடுத்துக்கொண்டு வெட்ட உள்ளே போனார். அவள் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கலரைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வந்த செங்கமலத்தைக் கையமர்த்திவிட்டு, “அக்கா, நீங்க டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்களா?” என்று கேட்டாள்.

அவள் பெயர் ஜெய்புன்னிசா. அவள் சொன்னது குவைத்தில் சண்டை வந்த வருஷத்து ஆடி மாதத்துச் சமாச்சாரம். கல்யாணமான புதிது, கணவர் ரவூப் குவைத்தில் ஒரு கடையில் வேலை. சண்டை என்று ரேடியோ சொன்ன அன்றோடு அவரிடமிருந்து பேச்சில்லை. வீட்டில் போன் கிடையாது, எதிர்வீட்டில் இருந்தது, அந்த நம்பரைத்தான் அவரிடம் கொடுத்திருந்தார்கள். தினமும் கால் புக் பண்ணுவாள், தினமும் லைன் இல்லை. இல்லை என்று சொல்ல சாயங்காலமானால் மன்னார்குடியிலிருந்து ஒரு அக்கா கூப்பிடுவாள், இன்னைக்கும் கெடைக்கலம்மா, நாளைக்கு மறுபடி போட்டுப் பாக்கறேன், நீ சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைப்பாள். மாமியார்கூட அந்த நாட்களில் அதைக் கேட்கவில்லை, அவர்களுக்கு மகனைப் பற்றிய கவலை. இரண்டு மாதம் கழித்து, பாலைவனத்தைக் கடந்து எப்படி எப்படியோ பம்பாய் வந்து சேர்ந்த ரவூப் அங்கிருந்து கூப்பிட்டபோது எதிர்வீட்டில் யாருமில்லை, பூட்டிக்கொண்டு ஒரு மௌத்துக்கு, யாரோ இறந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பார்ட்டி இல்லை என்று சொல்லி முடித்திருக்க வேண்டிய அழைப்பு. அந்த அக்கா முடிக்கவில்லை. அந்தத் தெருவிலேயே ஒரு மருந்துக் கடையின் நம்பரைத் தேடிப் பிடித்து, கடைக்காரர்களை ஓடிப்போய் இவளைக் கூட்டிவரச் சொல்லி, அதுவரைக்கும் பம்பாய்க்காரர்களிடம் என்ன சொல்லி அந்த லைனை விடாமல் வைத்திருந்தாளோ தெரியாது. மருந்துக் கடைக்கு ஓடியபோது செருப்புக்கூட இல்லை என்றாள் ஜெய்புன்னிசா. ரிசீவரை எடுத்தேன், மூச்சு வாங்குது, பேச்சு வரல, வச்சுடாதம்மா, லைன்லயே இருன்னு நீங்க சொன்னீங்க. அப்புறம் அவுக குரல் வந்துச்சு. நேத்து கடையில நீங்க பேசினப்ப எனக்குத் தெரியல. காலைல போன்ல கேட்டதும் கை காலெல்லாம் ஓடல. போன்ல எப்படிக்கா சொல்றது, அதான் நேர்ல வர்றேன்னு வச்சுட்டேன்.

செங்கமலம் தேடினாள். அந்த ஆடியும் ஆவணியும் நன்றாகவே நினைவிருந்தன. போர்டு முழுக்கக் கூத்தாநல்லூர் விளக்காக எரியும், எல்லாருக்கும் குவைத், எல்லாருக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டும், சொல்லிச் சொல்லி நாக்கு கசந்துபோய் வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். ராபியா என்று ஒருத்தி இருந்தாள், தினமும் அழுகிற ஒரு தகப்பனார் இருந்தார், இரண்டு பிள்ளைகளையும் அங்கே விட்டிருந்த ஒரு தாய் இருந்தாள். ஜெய்புன்னிசா இல்லை. மருந்துக் கடை இல்லை. பம்பாயைப் பிடித்து நிறுத்திவைத்தது அவள்தானா, அன்றைக்கு அந்த ஷிஃப்டில் இருந்த வேறு யாராவதா. இல்லை, இருக்கலாம், அப்படிச் செய்கிறவள்தான் அவள், எத்தனையோ முறை செய்திருக்கிறாள், அதனால்தான் இது ஒன்று தனியாக நிற்கவில்லை. ஞாபகம் இருக்கும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே இருக்கிற முகம் மலர்ந்துவிடும். போனாக இருந்தால் சொல்லியிருப்பாள், குரலை எப்படி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதுகூடத் தெரியும். இந்தக் கண்களுக்கு எதிரே அது வரவில்லை. “எனக்கு நினைவில்லையேம்மா,” என்றாள். சொன்னதும் என்னவோ பறிகொடுத்த மாதிரி இருந்தது, இவ்வளவு தூரம் வெயிலில் வந்தவளிடம் இப்படியா சொல்வது. ஜெய்புன்னிசா கொஞ்சமும் வாடவில்லை. மேசைமேல் இருந்த செங்கமலத்தின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்படிக்கா நினைவிருக்கும். உங்களுக்கு நாங்க எத்தனையோ பேரு. எங்களுக்கு நீங்க ஒருத்தர்தானே.”

கை சூடாக இருந்தது. மருதாணி வைத்திருந்தாள், கல்யாண வீடு. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்ததே இல்லை. எவ்வளவு குரல், எவ்வளவு அழுகை, தேங்க்ஸ்ம்மா தேங்க்ஸ்ம்மா என்று எத்தனை பேர், ஒரு கை வந்ததில்லை. உள்ளே வைத்தியலிங்கம் துணியை அளந்துகொண்டே லைனிங்கும் சேர்த்தா என்று சத்தமாகக் கேட்டார். சேர்த்துத்தான் என்று செங்கமலம் தலையை ஆட்டினாள். ஜெய்புன்னிசா இதற்குள் அங்கியின் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எண்ணைத் தட்டியிருந்தாள். பிள்ளைங்க அத்தாகிட்ட காலைலயே சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா என்றாள். அங்கே மணி அடித்தது. எடுத்தார்கள். இந்தாங்க, அவங்கதான், பேசுங்க என்று சொல்லிவிட்டு ஜெய்புன்னிசா போனை நீட்டினாள், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, பேசுகிறவர்களுக்கு இடம் விடுகிற மாதிரி வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். செங்கமலம் போனைக் காதில் வைத்தாள். இணைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கித்தான் பழக்கம். இணைத்தது இன்னொருத்தி, பேச வேண்டியவள் இவள் என்றால் என்ன பேசுவது. ஹலோ என்றாள். அந்தப் பக்கம் ஒரு வயதான ஆணின் குரல், நான் ரவூப் பேசறேன்க்கா என்றது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அல்லா காப்பாத்தறான் என்றார். யாரோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல், கல்யாண வீட்டுச் சந்தடி. கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துடணும், வண்டி அனுப்பறேன் என்றார். வர்றோம் என்றாள். மகள் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டாள், அவர் சொன்னார், சொல்லச் சொல்ல அவருடைய குரல் தளர்ந்து வீட்டுக்குரலாக ஆயிற்று, செங்கமலம் ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், ஒரு காலை மடக்கிக்கொண்டாள். அப்போதுதான் அவர் கேட்டார். அன்னைக்கு பம்பாய்லேருந்து உங்க பேரு என்னன்னு கேட்டேன்க்கா, நீங்க சொல்லல. சொல்லியிருக்க மாட்டாள். ஆபரேட்டர்கள் பெயரைச் சொல்லக்கூடாது, கண்டிப்பான உத்தரவு, யார் என்று கேட்டால் ஊரைச் சொல்ல வேண்டும். மன்னார்குடி. வேலையில் இருந்தவரைக்கும் அவள் பெயர் அதுதான்.

“செங்கமலம்,” என்றாள்.

தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. சரியாக் கேக்கலக்கா என்றார் அவர். அவள் ஸ்டூலை விட்டு எழுந்து, கடை வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, இன்னொரு முறை, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, தன் பெயரைச் சொன்னாள்.